இரண்டே கால் கோடியும் வலது கவரும்

புரோ கபடி லீக் ஏலம் நடக்கிற இரண்டு நாளும் ஸ்ரீமுஷ்ணம் கடைத்தெருவில் அரசியல் பேச்சு நின்றுவிடும். 2025 மே 31, ஜூன் 1 தேதிகளில் மும்பையில் நடந்த ஏலத்தில் தமிழ் தலைவாஸ் அணி அர்ஜுன் தேஷ்வாலை 1 கோடியே 40 லட்சத்து 50 ஆயிரத்துக்கும், பவன் செராவத்தை 59 லட்சத்து 50 ஆயிரத்துக்கும் எடுத்தது. டீ ஆறுவதற்குள் தீர்ப்பு வந்துவிட்டது: "ரெண்டு பேரும் ஒரே டீம்லன்னா எவன் பிடிப்பான்? இந்த வாட்டி கப்பு நமக்குத்தாண்ணே." செப்டம்பரில், ஒழுங்கு நடவடிக்கை என்று சொல்லி பவனை நிர்வாகம் வீட்டுக்கு அனுப்பியது, அவர் அந்தக் குற்றச்சாட்டை மறுத்தார். 12 அணிகளில் முதல் எட்டு இடங்களுக்குள்கூடத் தலைவாஸ் வரவில்லை. அதற்காக அடுத்த ஏலத்தன்று அந்த டீக்கடை பெஞ்சு காலியாக இருக்கும் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

இதை வெட்டிப் பேச்சு என்று ஒதுக்குபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கடலூர் மாவட்டத்தின் இந்த மேற்கு மூலையில் கபடி தெரியாத ஊர் இல்லை. பொங்கலுக்கும் கோயில் திருவிழாவுக்கும் "மாபெரும் மின்னொளி கபடிப் போட்டி" பிளெக்ஸ் வைக்காத ஊரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். டீக்கடையில் வாய் திறக்கிறவர்களில் பாதிப் பேர் தோள்பட்டை இறங்கியோ முட்டி விலகியோ ஆட்டத்தை விட்டவர்கள். அதனால் அவர்கள் வீரரைப் பார்க்கிற விதமே வேறு. தொலைக்காட்சி நிபுணர் "சிறந்த ரெய்டர்" என்று முடித்துக்கொள்ளும் இடத்தில், இங்கே ஒருவர் "அவன் பாடி வந்தா வலது பக்கம்தான் சாய்வான், போனஸுக்குக் கால நீட்டுறப்போ இடுப்பு மேல நிக்கும், தொடையப் புடிச்சா தீர்ந்தான்" என்பார். அடுத்த ஆட்டத்தில் பார்த்தால் அப்படியே நடக்கும்.

முன்னாள் கார்னர் ஆட்டக்காரர் ஒருவர் பாடம் எடுத்ததை ஒருமுறை பார்த்தேன். ஏழு டீ கிளாஸை பெஞ்சின் மேல் வளைவாக வைத்தார்: ஓரத்தில் இரண்டு கார்னர், அடுத்து இரண்டு இன், அதற்கடுத்து இரண்டு கவர், நடுவில் சென்டர். பிஸ்கட் பாக்கெட்தான் பாடி வருபவர். பாக்கெட்டை இடது ஓரத்துக்கு நகர்த்தி, ஓரத்து கிளாஸால் அதன் காலை 'மடக்கினார்'. "இத எல்லாரும் பாப்பான். ஆனா இந்த கிளாஸு அதே நொடில இங்க வந்து நடுக்கோட்டுக்குப் போற வழிய அடைக்கலன்னா, கார்னரையும் இழுத்துக்கிட்டே போயிடுவான் மாப்ள" என்று கவர் கிளாஸை நகர்த்திக் காட்டினார். பக்கத்தில் நின்ற பையனுக்கு அதற்கு மேல் எந்த வகுப்பும் தேவைப்பட்டிருக்காது.

ஏலமும் இந்த மக்களுக்குப் புதிதல்ல. விருத்தாசலம் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு, ஊர் வழக்கில் 'கமிட்டி'க்கு, மல்லாட்டையும் நெல்லும் எள்ளும் ஏற்றிப் போய் விலைக்காகக் காத்துக் கிடந்தவர்கள். ஒரே நாளில் பக்கத்துப் பக்கத்துக் குவியல்களுக்கு ஏன் இரு விலை என்று அவர்களுக்குத் தெரியும். ஐந்து கோடிப் பையில் எவ்வளவு மிச்சம், பழைய வீரரை ஏலத்தின் கடைசி விலைக்கே திரும்ப எடுக்கும் ஃபைனல் பிட் மேட்ச் கார்டு யாரிடம் இருக்கிறது, எவன் சும்மா விலையை ஏற்றிவிட்டு நழுவுகிறான் என்பதையெல்லாம் இவர்கள் படிக்கிற வேகம் அசர வைக்கும்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். தலைவாஸ் இவர்களுக்குக் கண்ணுக்கு எட்டிய அணி அல்ல. 2024 பருவத்தில் ஆட்டங்கள் ஹைதராபாத், நொய்டா, புனே என்று மூன்றே ஊர்களில் நடந்தன. சென்னையில் ஒன்றுகூட இல்லை. சென்னையில் நடந்தாலும் ஐந்தாறு மணி நேர பஸ், அப்புறம் டிக்கெட், ராத்தங்கல். மைதானத்தில் கிடைக்காத உரிமையை ஏலப் பேச்சு கொடுக்கிறது. "நாம எடுத்தோம்", "நாம விட்டுட்டோம்" என்று அந்த 'நாம' வருவது இந்த இரண்டு நாளில்தான். (கார்த்தி செல்வம் பக்கத்து அரியலூர் மாவட்டத்துக்காரர். இந்திய ஹாக்கி அணியிலும், ஹாக்கி இந்தியா லீக்கில் தமிழ்நாடு டிராகன்ஸ் அணியிலும் ஆடியவர். அந்த ஹாக்கி லீக் ஏலத்தைப் பற்றி இந்தக் கடைத்தெருவில் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. தானும் ஆடிப் பார்த்த ஆட்டத்துக்கு மட்டும்தான் 'நாம' வரும் போலிருக்கிறது.)

இத்தனை கண்ணும் இத்தனை அறிவும் இருந்தும் தீர்ப்பு ஏன் வருஷா வருஷம் தப்புகிறது என்பதுதான் கேள்வி.

கமிட்டியில் வியாபாரி முதலில் குவியலில் கை விட்டு ஒரு பிடி அள்ளுவார், தோலை உடைத்துப் பருப்பைப் பார்ப்பார், அப்புறம்தான் விலை எழுதுவார். கபடி ஏலப் பேச்சில் வரிசை தலைகீழ். விலை முதலில் வருகிறது. பருப்பைப் பற்றிய அபிப்பிராயம் விலைக்குத் தக்கபடி பின்னால் வருகிறது. முந்தின மாதம் வரை "அவன் முட்டி போச்சு" என்று பேசப்பட்டவர், இரண்டு கோடி தாண்டியதும் "என்ன இருந்தாலும் கிளாஸ்" ஆகிவிடுகிறார். குறைந்த விலைக்கு வந்தவரைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை.

தலைவாஸின் வரலாறே இதற்குச் சாட்சி. அணி 2017இல், ஐந்தாவது பருவத்தில், லீகுக்குள் வந்தது. 2019 ஏலத்தில் ராகுல் சௌத்ரியை 94 லட்சத்துக்கு எடுத்தபோது, ஏற்கெனவே அஜய் தாக்கூரும் மஞ்சீத் சில்லரும் இருந்தார்கள். மோகித் சில்லரும் ரண் சிங்கும் சேர்ந்தார்கள். பெயர்களை மட்டும் எழுதிப் பார்த்தால் இந்திய அணி மாதிரி இருந்தது. அந்தப் பருவத்தில் 12 அணிகளில் 12ஆம் இடம். 2022இல் பவன் செராவத்துக்கு 2 கோடியே 26 லட்சம். அதுவரை லீகில் யாருக்கும் கொடுக்கப்படாத தொகை, வீரர்களுக்காக அணி செலவிடக்கூடிய மொத்தப் பணத்தில் ஏறத்தாழ பாதி. முதல் ஆட்டத்திலேயே முட்டியில் அடிபட்டு அந்தப் பருவம் முழுக்க வெளியே போனார். கடைத்தெரு கருமாதியே செய்துவிட்டது. ஆனால் அணி வரலாற்றில் முதன்முறையாக லீக் சுற்றைத் தாண்டியது அந்தப் பருவத்தில்தான். எலிமினேட்டரில் உ.பி. யோத்தாஸை டை பிரேக்கரில் வென்று அரையிறுதி வரை போய், புனேரி பல்டனிடம் தோற்றது. 2024இல் சச்சின் தன்வருக்கு 2 கோடியே 15 லட்சம், அந்த ஏலத்தின் உச்ச விலை. கிடைத்தது ஒன்பதாம் இடம்.

இதை விதி என்றோ ராசி என்றோ பேசுபவர்கள் உண்டு. விதியெல்லாம் இல்லை, ஆட்டத்தின் அமைப்பிலேயே காரணம் இருக்கிறது. கபடியில் பிடிபட்ட ரெய்டர் வெளியே போய் உட்கார வேண்டும். தன் அணி எதிராளியை வெளியேற்றி ஒரு புள்ளி எடுத்தால்தான் ஒருவர் உள்ளே வர முடியும். இரண்டு கோடி ரூபாய்க்காரர் எத்தனை நிமிடம் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார் என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் இருபது லட்சத்துக்குள் வாங்கிய கார்னரும் கவரும்தான். பிடியாட்டம் தளர்ந்த அணியில் எவ்வளவு பெரிய ரெய்டரும் பார்வையாளர்தான். பிடியாட்டமோ ஒருவர் திறமையால் வருவதல்ல. கிளாஸ் வைத்துக் காட்டிய அந்த கார்னர்காரர் சொன்னதைப் போல, ஒரே நொடியில் இருவர் நகர வேண்டும். ஒரே பக்கத்தில் இரண்டு மூன்று வருஷம் சேர்ந்து நின்றால்தான் அந்த நொடி கைக்கு வரும். 2022இல் தலைவாஸைக் காப்பாற்றியது சாகர் ராட்டியும் சாகில் குலியாவும் இரு ஓரங்களில் நின்ற விதம், நடுவில் கவர்கள் சேர்ந்த விதம். அதில் வலது கவர் எம். அபிஷேக், தமிழ்நாட்டுக்காரர், பல பருவங்கள் இந்த அணியிலேயே நின்றவர். ஏலத்துக்கு மறுநாள் பேச்சில் அவர் பெயர் வந்து நான் கேட்டதே இல்லை. அவர்தான் ஏலத்துக்கு வரவில்லையே!

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்த உண்மை டீக்கடைக்குத் தெரியாததல்ல. உள்ளூர்ப் போட்டிக்கு அணி சேர்க்கும்போது "புடிக்கிறவன் செட்டா இருக்கானா பாரு, பாடுறதுக்கு எவனையாவது கூட்டிக்கலாம்" என்று சொல்வதும் இதே ஆட்கள்தான். தங்கள் ஊர் அணிக்குப் பயன்படுத்தும் அறிவை ஏலத்தன்று மடித்து வைத்துவிடுகிறார்கள். பிடிப்பதை விடப் பாடுவது கண்ணுக்கு அழகு. அதைவிட, கோடி என்ற சொல் காதுக்கு அழகு.

அதற்காக, பெரிய விலை கொடுப்பது வீண் என்று எதிர்க்கரைக்குத் தாவினால் அதுவும் பிழை. ஈரானின் முகமதுரெசா ஷாட்லூயியை 2023 ஏலத்தில் புனேரி பல்டன் 2 கோடியே 35 லட்சத்துக்கு எடுத்தது, கோப்பை வென்றது. அடுத்த ஆண்டு ஹரியானா ஸ்டீலர்ஸ் 2 கோடியே 7 லட்சத்துக்கு எடுத்தது. அதுவும் கோப்பை வென்றது. ஆனால் அவர் முதலில் இடது கார்னர், பிறகுதான் பாடுபவர். இரண்டு அணிகளிலும் அவரைச் சுற்றி ஏற்கெனவே பழகிய இளம் கூட்டம் ஒன்று நின்றது. கேட்க வேண்டியது எவ்வளவு கொடுத்தார்கள் என்பதல்ல, எந்த இடத்துக்கு, யார் பக்கத்தில் நிற்பதற்குக் கொடுத்தார்கள் என்பது. இந்தக் கேள்வியைக் கேட்கும் தகுதி தொலைக்காட்சி அரங்கில் இருப்பவர்களைவிட ஸ்ரீமுஷ்ணத்துக்கு அதிகம். அதனால்தான் கேட்காமல் விடுவது உறுத்துகிறது.

விலையில் கண் மயங்குவது நம் ஊர் நோய் மட்டுமல்ல. 2018 ஜூலை 1 அன்று டொரண்டோ மேப்பிள் லீஃப்ஸ் ஜான் தவாரஸை ஏழு ஆண்டுகளுக்கு 7 கோடியே 70 லட்சம் டாலருக்கு எடுத்தபோது அந்த நகரமே கொண்டாடியது. 1967க்குப் பிறகு கோப்பையைப் பார்க்காத அந்த ஐஸ் ஹாக்கி அணி அந்த ஏழு ஆண்டிலும் பார்க்கவில்லை. மறுபக்கம், அதே 2018இல் முப்பது வயதைத் தாண்டியவர்களாகப் பார்த்து வாங்கியது என்று கேலி செய்யப்பட்ட சென்னை சூப்பர் கிங்ஸ் ஐபிஎல் கோப்பையையே தூக்கியது.

இனி, எல்லா ஏலத்திலும் சூடு கிளப்பும் விஷயம்: "தமிழ்னு பேரு வச்சிருக்கான், ஆளு பூரா அரியானா." இதில் நியாயம் இருக்கிறது. 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் ஆடிய மணத்தி கணேசன் முதல், 2016இல் பாட்னா பைரேட்ஸ் அணிக்குத் தலைமை தாங்கிக் கோப்பை வாங்கித் தந்த தர்மராஜ் சேரலாதன் வரை இந்த மண்ணில் ஆளுக்குப் பஞ்சமில்லை. ஜெய்ப்பூருக்கு முதல் பருவத்திலேயே கோப்பை வாங்கித் தந்த பயிற்சியாளர் கே. பாஸ்கரன் தமிழர். பெயரையும் கூட்டத்தையும் இங்கிருந்து எடுத்துக்கொண்டு ஆளை மட்டும் வெளியிலிருந்து எடுத்தால் கோபம் வரத்தான் செய்யும்.

ஆனால் கோபம் தட்டுவது தப்பான கதவை. முதலாவது, இதே ஊர்கள் தங்கள் போட்டிக்கு வெளியூர் கெஸ்ட் பிளேயரைக் காசு கொடுத்து இறக்குகின்றன. அவர் ஜெயித்துக் கொடுத்தால் ஆட்டுக்கிடாவோடு தோளில் தூக்கி ஊர்வலம் போகின்றன. வெளியாள் என்பது தோற்றால் மட்டும் நினைவுக்கு வருகிறது. இரண்டாவது, ஏல மேடைக்கு வருவது ஏற்கெனவே மேட் விரிப்பில் பழகி, பெரிய போட்டிகளில் ஆடி, வகைப்படுத்தப்பட்ட ஆட்டக்காரர்கள். ஹரியானாப் பையனுக்குப் பதினேழு பதினெட்டு வயதிலேயே ரயில்வே, ராணுவம் என்று ஒரு வழி கண்ணுக்குத் தெரிகிறது. வீட்டாரும் விடுகிறார்கள். இங்கே அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. ஆனால் களிமண் தரையில், ஊர்ப்போட்டியிலேயே ஆடிக்கொண்டிருப்பவனுக்கு அதற்கான சான்றிதழ் கிடைக்கும் போட்டி எங்கே நடக்கிறதென்றே தெரிவதில்லை. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணிகளில் கண்ணகி நகர் கார்த்திகாவும் வடுவூர் அபினேஷும் இருந்தார்கள். அரசு ஆளுக்கு 25 லட்சம் கொடுத்தது. இருவரும் ஏலத்தில் முளைத்தவர்கள் அல்ல. ஆடுகளம் இருந்த இடத்தில் முளைத்தவர்கள். ஸ்ரீமுஷ்ணத்துக்கு ஒரு மேட் கேட்டு மனு எழுதுவதற்கு, ஏலத்தன்று செலவாகும் தொண்டைத் தண்ணீரில் கால்வாசி போதும்.

கடைசியாக ஒரு குறை, இதைச் சொல்லத் தயக்கமாகவும் இருக்கிறது. விலை பேசிப் பேசி, ஆளையே பண்டமாகப் பார்க்கப் பழகிவிடுகிறோம். பவன் முட்டியைப் பிடித்துக்கொண்டு சுருண்ட அன்று "காசு போச்சு" என்றுதான் முதல் குரல் எழுந்தது. யாருடைய காசு? தன் தோள்பட்டையை ஊர்ப்போட்டியில் பறிகொடுத்துவிட்டு மூலையில் உட்கார்ந்திருந்தவர்கூட அதற்கு மறுப்புச் சொல்லவில்லை.

அந்த 2022 ஏலத்தின்போது நடந்த பேச்சு முழுக்க பவனைப் பற்றியது. அந்தப் பருவத்தில் ரெய்டில் 243 புள்ளிகள் எடுத்து அணியைத் தூக்கிச் சென்றவர் நரேந்தர் கண்டோலா. முதல் பருவம் ஆடிய பையன். அவர் பெயரை அன்றைக்கு யாரும் உச்சரித்திருக்க வழியில்லை. அவர் புதிய இளம் வீரர் என்ற பிரிவில் வந்தவர், அந்தப் பிரிவில் வருபவர்களை அணிகள் ஏல மேடைக்கு வெளியே ஒப்பந்தம் செய்துகொள்கின்றன.