மாடிக்குக் கம்பி விட்ட போர்டு

2018இல் வந்த ஒரு பி450 மதர்போர்டு. வாங்கியபோது அதில் உட்கார்ந்தது ரைசன் 2600. நாலு வருஷம் கழித்து அதே சாக்கெட்டில் 5800எக்ஸ்3டி ஏறியது. 96 எம்பி எல்3 கேஷ் வைத்து, கேம் ஆடுவதற்கென்றே செய்த சிப். பயாஸை அப்டேட் செய்ததோடு சரி, ராமைக்கூட மாற்றவில்லை. கூடுவாஞ்சேரி மனைகளில் தரைத்தளம் மட்டும் கட்டிவிட்டு, மாடிக்குத் தூண்கம்பியை நீட்டி விட்டிருப்பார்களே, அந்த வகைக் கெட்டிக்காரத்தனம் இது. அஸ்திவாரம் தாங்காவிட்டால் கம்பி வெறும் துருதான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அந்த ஏஎம்டி சாக்கெட்டின் பெயர் ஏஎம்4. வந்தது 2016இல். 2024 ஜனவரியில்கூட அதற்கு 5700எக்ஸ்3டி என்று புதுச் சிப் விட்டார்கள். இன்டெல் பக்கம் கதை வேறு. 2017இல் இசட்370 வந்தபோது சாக்கெட்டின் அளவும் பின் எண்ணிக்கையும் பழையவைதான். ஆனாலும் முந்தைய தலைமுறைச் சிப்பை அந்தப் போர்டு ஏற்கவில்லை. ஏஎம்டியும் அப்பழுக்கில்லாதது அல்ல. 2020இல் பழைய 400 வரிசைப் போர்டுகளுக்கு 5000 வரிசைச் சிப் கிடையாது என்று கைவிரித்தது. வாங்கியவர்கள் சண்டை போட்ட பிறகே இறங்கிவந்தது. இப்போதைய ஏஎம்5க்கு 2027 வரைக்கும் அதற்கு மேலும் ஆதரவு என்கிறார்கள். இன்று புதிதாக வாங்குபவருக்கு என் ஓட்டு அதற்குத்தான்.

சாக்கெட்டைச் சுற்றி ‘ட’ வடிவில் நிற்கும் கருப்புச் சதுரங்களில்தான் போர்டு செய்தவரின் கைத்திறன் தெரியும். விஆர்எம் என்பார்கள். எஸ்எம்பிஎஸ் தரும் 12 வோல்ட்டைச் சிப்புக்கு ஏற்றபடி 1.2 வோல்ட் அளவுக்கு இறக்குவது அதன் வேலை. 120 வாட் கேட்கும் சிப்புக்கு அப்போது 100 ஆம்பியர் ஓட வேண்டும். வீட்டில் ஒன்றரை டன் ஏசி இழுப்பதே ஏழெட்டு ஆம்பியர்தான்! அந்தச் சுமையைப் பல ஃபேஸ்களுக்குப் பங்கு போட்டு, மேலே நல்ல கனமான ஹீட்சிங்க் வைத்த போர்டைக் கையில் எடுத்தாலே தெரியும். சித்திரை வெயிலில், மொட்டைமாடிக்குக் கீழே ஏசி இல்லாத அறையில், இந்தப் பகுதி மொட்டையாக இருக்கும் மலிவுப் போர்டு சூடேறிச் சிப்பின் வேகத்தைக் குறைத்துவிடும். இன்றைக்கு ஆறு கோர் சிப் போதும் என்றாலும், நாளை எட்டு, பன்னிரண்டு கோர் போடும் எண்ணமிருந்தால் காசை இங்கே கொட்டுங்கள். வண்ண விளக்குக்கு அல்ல.

காலி இடங்கள் எல்லாவற்றையும் நம்பிவிடவும் கூடாது. நாலு ராம் ஸ்லாட் இருக்கிறதே, இப்போது இரண்டு, பிறகு இரண்டு என்று கணக்குப் போடுவோம். டிடிஆர்5இல் அந்தக் கணக்கு பலிக்காது: ரைசன் 7000க்கு ஏஎம்டி சொல்லும் வேகம் இரண்டு குச்சிக்கு 5200, நாலு போட்டால் 3600. முதலிலேயே 16 ஜிபி குச்சி இரண்டாக வாங்கிவிடுவது உத்தமம். எம்.2 ஸ்லாட்டும் அப்படித்தான். சில போர்டுகளில் அடுத்த எஸ்எஸ்டியைச் சொருகினால் இரண்டு சாட்டா போர்ட் செத்துப்போகும். இது பெட்டிமேல் இருக்காது, மேனுவலில் பொடி எழுத்தில் இருக்கும். கிராபிக்ஸ் கார்டுக்கு ஐந்தாம் தலைமுறை ஸ்லாட் வேண்டுமென்று கூடுதலாகக் கொடுப்பது தண்டம். நாலாவதிலேயே இன்றைய கார்டுகள் ஏறக்குறைய அதே வேகத்தில் ஓடுகின்றன.

நான் விரும்பித் தேடுவது பின்பக்கத்தில் இருக்கும் ஒரு சின்னப் பொத்தான். பயாஸ் ஃபிளாஷ்பேக். சிப்பே இல்லாமல், பென்டிரைவைச் சொருகி அழுத்தினால் புது பயாஸ் ஏறிவிடும். போர்டு பழைய ஸ்டாக்காக இருந்து சிப் புதிதாக இருந்தால் இது இல்லாமல் திண்டாட வேண்டும். அப்டேட் பாதியில் கரண்ட் போய்விட்டாலும் (நம் பக்கம் போகாதா என்ன) போர்டை மீட்டுத் தருவது பெரும்பாலும் இதுதான்.

பீச் ரயிலேறிச் சென்னை ரிச்சி தெருக் கடைகளுக்குப் போய் வாங்குகிறவர் கடையிலேயே பெட்டியைப் பிரித்து, சாக்கெட் மூடியைத் திறந்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கட்டும். ஏஎம்4இல் பின்கள் சிப்பின் அடியில் இருந்தன. ஏஎம்5இல் 1718 பின்களும் போர்டின் மேலேயே நிற்கின்றன. ஒன்று வளைந்திருந்தாலும் பொதுவாக வாரண்டி கிடையாது. வீட்டுக்கு வந்தபின் கண்டுபிடித்தால் அதைச் செய்தது யார் என்று கடைக்காரரோடு வாதாடி ஜெயிக்க முடியாது.