வாப்பா என்றொரு விளி

தக்கலை ஹெச்.ஜி.ரசூலின் 'மைலாஞ்சி' தொகுப்பு 2000இல் கிளப்பிய சர்ச்சையில், எதிர்த்தவர்களும் ஆதரித்தவர்களும் ஒரு கவிதையை வெறும் கருத்தாகத்தான் வாசித்தார்கள். இத்தனை நபிமார்களில் ஏன் ஒரு பெண் இல்லை என்பது அதிலுள்ள கேள்வி. சரி, கேக்கது யாரு? வாப்பாவிடம் பேசும் பிள்ளை. அந்த விளியை எடுத்துவிட்டால் மிஞ்சுவது மேடைப்பேச்சு. அது இருப்பதால்தான் கேள்வி வீட்டுக்குள் நிற்கிறது. பதில் சொல்லவேண்டியவர் ஆலிம் அல்ல, வாப்பா. அணிகளைப் பெயர் சொல்லி மனப்பாடம் செய்த நமக்கு (நானும் தண்டியலங்காரம் படித்தவன்தான்) விளி ஓர் உத்தியாகத் தெரிவதேயில்லை. பீரப்பாவின் ஞானப்புகழ்ச்சியை ஆண்டுதோறும் விடிய விடியப் பாடுகிற ஊர் இது. இறைவனையே முன்னிலையில் அழைத்துப் பழகிய காதில், ஒரு பிள்ளை வாப்பாவை அழைத்தது ஏன் விழாம போச்சு?