சாமை விலையும் எந்திரக் குரலும்: எழுத்தைப் பேச்சாக்கும் மேகக்கணினிச் சேவைகள் குறித்த ஒரு மதிப்பீடு

ஜவ்வாதுமலையின் முதன்மைப் பயிர்களுள் ஒன்று சாமை. அதனைக் கொள்முதல் செய்யும் நிறுவனம், நாள்விலையைத் தொலைபேசிவழிக் குரலாக உழவர்க்கு அறிவிக்க முனையுமாயின், எச்சேவையைத் தெரிவுசெய்வது என்னும் வினா எழும். வணிகநோக்கிலான ஒப்பீடுகள் பெரும்பாலும் கட்டணத்தையும் குரலின் இயல்பையுமே அளக்கின்றன. தமிழுக்கு இவ்வளவுகோல்கள் போதா.

மைக்ரோசாஃப்ட் அசூர் இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா ஆகிய நாடுகளுக்கெனத் தனித்தனித் தமிழ்க் குரல்களைத் தருகிறது. பல்லவி, வள்ளுவர் என்பன இந்தியக் குரல்கள். நாட்டெல்லையைக் கொண்டு வகுத்த இப்பகுப்பில் மலையாளிப் பழங்குடியினரின் பேச்சுவழக்குக்கு இடமில்லை. கூகுள் சேவை ஒரு வேண்டுகைக்கு 5,000 பைட் என வரம்பிடுகிறது. 'சாமை' கண்ணுக்கு ஈரெழுத்து. ஒருங்குறியில் நான்கு குறியீடுகள். யுடிஎஃப்-8 முறையில் 12 பைட். ஆங்கில எழுத்துக்கோ ஒரு பைட்டே போதும்.

இவற்றினும் சிக்கலானது எண். '1 கிலோ' என்பதை 'ஒன்று கிலோ' எனப் படித்தல் பிழை; பெயருக்கு முன் அது 'ஒரு' எனத் திரிய வேண்டும். '250க்கு' என்பது 'இருநூற்று ஐம்பதுக்கு' ஆக வேண்டும். 'பாக்கு', 'பாக்கி' ஆகியவற்றின் முதலெழுத்து ஒன்றே, ஒலி வேறு. எழுத்தை மட்டும் நம்பும் எந்திரம் நிலுவைத்தொகை கூறும் இடத்திலேயே தடுமாறக்கூடும். எஸ்எஸ்எம்எல் குறிமொழியில் மாற்றுச்சொல் தந்து இவற்றைத் திருத்தலாம். இரு சேவைகளும் அதனை ஏற்கின்றன. ஆயினும் அவ்வாறு திருத்தித் தருவோர்க்கான ஊதியத்தை ஒப்பீட்டு அட்டவணைகள் கணக்கிற் கொள்வதில்லை.