சொல்லடைவும் பொருட்சுட்டியும்

ஆய்வுநூலொன்றைத் தேவைகருதிக் கையிலெடுப்போர் முதலிற் புரட்டுவது பெரும்பாலும் அதன் இறுதிப் பக்கங்களையே. அங்கே சுட்டி இல்லையெனின் நானூறு பக்க நூலும் ஒருமுறை படித்து மூடிவைக்கும் நூலாகிவிடுகின்றது. உ. வே. சாமிநாதையரின் பதிப்புகளில் அரும்பத அகராதி நூலின் ஓர் உறுப்பாகவே அமைந்தமையை நோக்க, பின்வந்த தமிழ் ஆய்வுநூல்கள் பலவற்றிற் சுட்டி இல்லாமை வியப்பையே தருகின்றது.

கணினிவழி அச்சுக்கோப்பு இக்குறையை நீக்கிவிடும் என்ற நம்பிக்கை சிலரிடம் உண்டு. வழியும் எளிதாகவே தோன்றுகின்றது. நூல் வெறும் எழுத்துக் கோப்பாக எழுதப்படுகின்றது. சுட்டிக்குரிய சொற்கள் பட்டியலாகத் தரப்படுகின்றன. கோப்பை லாடெக் வடிவத்துக்கு மாற்றும்போது, பட்டியலிலுள்ள சொல் வருமிடந்தோறும் சிறு நிரலொன்று சுட்டிக் கட்டளையைச் செருகுகின்றது. பின்னர் மேக்இன்டெக்ஸ் என்னும் நிரல் பக்க எண்களைத் திரட்டி வரிசைப்படுத்துகின்றது. ஆங்கில நூலுக்கு இம்முறை ஓரளவு பயன்படும். தமிழிலோ முதற்படியிலேயே இடறுகின்றது.

பட்டியலிற் "சமூகம்" என இட்டால் "சமூகத்தின்", "சமூகங்கள்" ஆகியன அகப்படா. "சமூக" எனக் குறுக்கினாற் "சமூகவியல்" உடன்வந்து புகும். "கலை"யைத் தேடினால் "கலைந்தது" என்னும் வினையும் கலையாகிவிடும். அகரவரிசைச் சிக்கல் வேறு. ஒருங்குறியில் னகரம் நகரத்தை அடுத்து நிற்கின்றது. நெடுங்கணக்கில் அது மெய்களுள் இறுதியானது. எனவே, குறியெண்ணை மட்டும் நோக்கும் நிரல் "மரபு" என்பதற்கு முன்னே "மனம்" என்பதை வைத்துவிடுகின்றது. இதற்குப் பரிகாரம் உண்டு. மேக்இன்டெக்ஸிற் பதிவுதோறும் வரிசைக்குரிய வடிவத்தைத் தனியே கொடுக்கலாம். சிண்டி என்னும் நிரலுக்கு நெடுங்கணக்கையே கற்பிக்கலாம். ஆகவே இதனைப் பெரிதுபடுத்த வேண்டியதில்லை.

பெரிதுபடுத்த வேண்டியது பிறிதொன்று. வ. ஐ. சுப்பிரமணியம் 1962இல் வெளியிட்ட புறநானூற்றுச் சொல்லடைவு போன்றவை, ஒரு சொல் எங்கெங்கு வருகின்றது என்று காட்டுவன. அவற்றின் பயன் பெரிது. ஆய்வுநூலின் சுட்டியிலே வாசகர் தேடுவதோ சொல்லையன்று, பொருளை. "நாவலர்" என்ற சொல் ஓரிடத்தில் ஆறுமுக நாவலரையும் மற்றோரிடத்திற் சோமசுந்தர பாரதியாரையும் குறிக்கலாம். நிரலுக்கு இருவரும் ஒருவரே. ஒரே கருத்தை ஒருவர் "யதார்த்தவாதம்" என்பார், இன்னொருவர் "நடப்பியல்" என்பார். நிரலுக்கு அவை இரண்டு. சாதி ஒடுக்குமுறை பற்றிய அத்தியாயத்தின் மிகக் கூரிய பந்தியிற் "சாதி" என்ற சொல்லே வராமலிருக்கலாம். அப்பந்தியைத் தவறவிட்டு, போகிறபோக்கிற் சொல்லப்பட்ட தொண்ணூறு இடங்களின் எண்களை நிரைப்படுத்தும் சுட்டியால் யாருக்குப் பயன்? அத்தகைய சுட்டி இல்லாதிருப்பதே மேல் எனலாம். இல்லாத சுட்டி வாசகரை ஏமாற்றுவதில்லை.

இதனாற் கணினியை விலக்கவேண்டும் என்பதில்லை. அதே எழுத்துக் கோப்பில், பந்தியை எழுதி முடித்ததும் அதன் பொருள் இன்னதென ஆசிரியரே குறியிட்டுச் செல்லலாம். "நடப்பியல்" என்னுமிடத்தில் "யதார்த்தவாதம் காண்க" என வழிகாட்டவும் மேக்இன்டெக்ஸ் இடந்தருகின்றது. சீட்டுகளில் எழுதிச் சுட்டி தொகுத்தோர், அச்சுப்படியிற் பக்கங்கள் நகருந்தோறும் எண்களையெல்லாம் மீளத் திருத்தவேண்டியிருந்தது. அந்த வேலையைக் கணினி சில நொடிகளில் முடித்துத்தருகின்றது.