உண்டவர்கள் எழுதிய அடுப்படி

அம்மாவின் சமையலைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவற்றை ஒன்றாக எடுத்து வைத்துப் படித்தால், எழுதியவர்களில் பெரும்பாலோர் பந்தியில் உட்கார்ந்திருந்தவர்கள் என்பது உடனே தெரியும். கரண்டி பிடித்தவர் எழுதியது அபூர்வம். தீபாவளி மலர்களில் வரும் 'எங்கள் வீட்டு அடுப்படி' வகைக் கட்டுரைகளில் ஊர் மாறும், சாதி மாறும், குழம்பு மாறும்; எழுதும் கை மட்டும் மாறாது. ஊரைவிட்டு வேலைக்குப் போன மகன், நடுவயதில் நாக்கு தட்டி எழுதுவான்.

ஆனால் தொடக்கத்தில் இது இப்படி இருக்கவில்லை. சங்கப் பாடல்களில் ஊட்டியதை நினைப்பவர் ஊட்டியவரே. நற்றிணையின் 110ஆம் பாடலில் போதனார் காட்டும் பெண் செல்வ வீட்டில் வளர்ந்தவள். தேன் கலந்த பாலைப் பொற்கிண்ணத்தில் ஏந்தி, இன்னொரு கையில் சிறு கோலை ஓங்கிக்கொண்டு நரைத்த செவிலியர் துரத்த, அவள் பந்தலைச் சுற்றி ஓடுகிறாள். துரத்தியவர்கள்தாம் களைத்துப் போகிறார்கள். அவளே இன்று கணவன் வீட்டின் வறுமையில், தந்தை வீட்டுச் சோற்றை நினையாமல், ஒருபொழுது விட்டு ஒருபொழுது உண்கிறாளாம். இந்த அறிவு இவளுக்கு எங்கிருந்து வந்தது என்று வியப்பது வளர்த்தவர்களின் குரல். குறுந்தொகை 167இல் கூடலூர் கிழாரும் செவிலியின் கண்ணைத்தான் கடன் வாங்குகிறார். தயிர் பிசைந்த விரலை உடுத்த துணியிலேயே துடைத்துக்கொண்டு, தாளிப்புப் புகை கண்ணில் அப்ப, புளிக்குழம்பு வைத்த புதுமணப்பெண். 'நன்றாயிருக்கிறது' என்று கணவன் உண்ண, அவள் முகம் லேசாக மலர்கிறது. அதைப் பார்த்துவிட்டு வந்து பெற்றவளிடம் சொல்கிறாள் செவிலி. புறநானூறு 188இல் பாண்டியன் அறிவுடை நம்பி, நெய்ச்சோற்றில் கைவிட்டுத் துழாவி மேலெல்லாம் பூசிக்கொள்ளும் குழந்தையைப் பார்க்கும் தகப்பன். இந்த மூன்றிலும் குழந்தை எதையும் நினைவுகூரவில்லை. அதன் வேலை ஓடுவதும் சிந்துவதும்.

இந்தத் திசை திரும்பும் இடத்தைக் காட்டச் சொன்னால் நான் பட்டினத்தாரைக் காட்டுவேன். தாய் இறந்தபோது பாடியனவாக வழங்கும் பாடல்களில், ஊட்டி வளர்த்தவள் வாயில் அரிசி இடும் மகன் வருகிறான். துறவியே ஆனாலும் அந்த இடத்தில் அவர் பிள்ளைதான். பிறகு வந்த ஏக்கக் கட்டுரைகள் பலவும் இதே இடத்தில் நின்று எழுதப்பட்டவை: தாய் போன பிறகு, மகன் வாயால்.

இடையில் வேறொரு எழுத்து வந்தது, அதற்கு ஏக்கமே கிடையாது. எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' 1951இல் வெளிவந்தது. கல்யாணமாகிப் போகும் பெண்கள் அவரிடம் செய்முறை கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டிருந்ததால், உறவினர் ஒருவர் தூண்டுதலில் அது புத்தகமாயிற்று. மெட்ரிக் அளவை வருவதற்கு முந்திய காலம். பலமும் ஆழாக்கும்தான் கணக்கு. அதில் 'என் தாயார் இப்படிச் செய்வாள்' என்ற பெருமூச்சு இல்லை. துவரம் பருப்பு இத்தனை, பெருங்காயம் இத்தனை, கொதி வந்ததும் இறக்கு, அவ்வளவுதான். அதற்கு முன்னும் பாக சாஸ்திரங்கள் இருந்தன. தஞ்சை சரபோஜி மன்னர் காலத்து அரண்மனைச் சமையல் 'சரபேந்திர பாகசாஸ்திரம்' என்று மராத்தியில் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. ஆனால் அது சேவகர்களின் அடுப்பு. வீட்டு அடுப்பை அங்கே நின்றவரே ஏட்டில் ஏற்றிய முயற்சிகளில் இவ்வளவு தூரம் போனது மீனாட்சி அம்மாளின் நூல்தான். அது ஒரு பிராமணக் குடும்பத்துச் சமையலின் பதிவு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அந்தப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு கருவாட்டுக்குழம்பு வைக்க முடியாது. என்றாலும் தமிழ் இலக்கிய வரலாறுகள் இதை இலக்கியம் என்று எண்ணாதது எனக்கு ஆச்சரியமாகவே இருக்கிறது. அம்மாவின் குழம்பைப் புகழும் மகனின் கட்டுரை இலக்கியமாகிறது. அந்தக் குழம்பை வைக்கத் தெரிந்தவளின் எழுத்து வீட்டுக் குறிப்பு ஆகிவிடுகிறது.

நினைவுக் கட்டுரைகளில் திரும்பத் திரும்ப வரும் ஒரு காட்சியைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். குழம்பு வைத்த சட்டியில் சோற்றைப் போட்டுப் பிசைந்து, சுற்றி உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளின் கையில் ஆளுக்கொரு உருண்டை வைப்பது. எங்கள் வீட்டில் அது முந்தின நாள் மீன்குழம்புச் சட்டி. மீனெல்லாம் போய்விட்டிருக்கும். அடியில் தங்கியிருப்பது பிரிந்து நிற்கும் நல்லெண்ணெய், கரைந்துபோன சின்ன வெங்காயம், தோல் மட்டும் மிஞ்சிய மாங்காய்த் துண்டு, அம்மியில் அரைத்த தேங்காயின் கசடு. இரண்டு முறை சுண்ட வைத்ததால் புளிப்பும் உப்பும் ஏறியிருக்கும். அதற்குச் சுடுசோறு ஆகாது. ஆறின சோறுதான் உதிராமல் பிடிபடும். அம்மா சட்டியைச் சாய்த்துப் பிடித்து, நாலு விரலையும் மடக்கி ஓரத்தை வழித்து, கருகிய இடத்தை மட்டும் விட்டுவிட்டுப் பிசைவாள். முதல் உருண்டை கடைக்குட்டிக்கு.

இதைப் பலர் எழுதியிருக்கிறார்கள். என்னைவிட நன்றாகவும் எழுதியிருக்கிறார்கள். ஆனால் சட்டிச்சோறு யாருடைய சோறு என்ற கேள்வியை நான் படித்த எந்தக் கட்டுரையும் கேட்கவில்லை. எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, தட்டு எடுக்கச் சோம்பியோ தட்டில் போட ஒன்றும் இல்லாமலோ, சமைத்தவள் சட்டியிலேயே பிசைந்து சாப்பிடுவது நம் வீடுகளின் வழக்கம். எனவே அந்த உருண்டைகள் அவள் பங்கிலிருந்து போனவை. நம் பால்யத்தின் மிக ருசியான கவளம் என்று நாம் சொல்வது இன்னொருவரின் இராச்சாப்பாடு. இதைச் சொன்னால் கட்டுரையின் இனிப்பு குறையும் என்பது உண்மைதான், குறையட்டும்.

ருசி நினைவுக்கு உடலிலும் வேர் இருக்கிறது. அமெரிக்காவின் பிலடெல்பியாவில் உள்ள மோனெல் ஆய்வு மையத்தில் ஜூலி மென்னெல்லா குழுவினர் 2001இல் வெளியிட்ட ஆய்வில், கர்ப்பத்தின் கடைசி மாதங்களிலோ பாலூட்டும் காலத்திலோ கேரட் சாறு குடித்து வந்த தாய்மாரின் குழந்தைகள், பின்னாளில் கேரட் கலந்த கூழுக்கு மற்றக் குழந்தைகளைவிடக் குறைவாகவே முகம் சுளித்தன. அம்மா உண்டதுதான் நம் முதல் சாப்பாடு என்றாகிறது. அப்படியிருந்தும் அம்மா என்ன உண்டாள் என்பதில் நம் எழுத்து அக்கறை காட்டியதில்லை.

வரலாற்றாசிரியர்கள் இந்த ஏக்கத்துக்குக் கொஞ்சம் தண்ணீர் தெளித்திருக்கிறார்கள். தொ. பரமசிவன் 'அறியப்படாத தமிழகம்' நூலில், மிளகாய் நம் மண்ணுக்குப் பிற்காலத்தில் வந்தது, அதற்கு முன் காரம் என்றால் மிளகுதான் என்று நினைவூட்டினார். ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை', விடியற்காலைக் காப்பி தமிழ் நடுத்தர வீட்டில் நுழைந்தபோது எழுந்த கூச்சலையும், பழையதும் நீராகாரமும் பின்னுக்குப் போனதையும் சுவையாகச் சொல்கிறது. ஆக, 'தலைமுறை தலைமுறையாக' என்று நாம் எழுதும் தக்காளி ரசமும் டிகிரி காப்பியும் அவ்வளவு தலைமுறை கண்டவை அல்ல. அம்மியும் ஆட்டுரலும் போனதைப் பற்றிய புலம்பலையும் நான் பாதிதான் நம்புவேன். அம்மி கல்லில் நசுக்குகிறது, மிக்சி கத்தியால் சீவிச் சூடாக்குகிறது. துவையலில் அந்த வித்தியாசம் தெரியும், மறுக்கவில்லை. ஆனால் கோவையில் 1950களில் வெட் கிரைண்டர் பிறந்ததும், 2011இல் தமிழ்நாடு அரசு மிக்சி, கிரைண்டர், மின்விசிறியை விலையில்லாமல் கொடுக்கத் தொடங்கியதும், ஆட்டுக்கல் குழவியைச் சுற்றிச் சுற்றித் தோள் இறங்கிய பெண்களுக்கு என்னவாக இருந்தது என்பதை, மாவு ஆட்டியே அறியாத நாம் அழகியல் பேசி மறைக்கக் கூடாது.

ஏக்கக் கட்டுரைகள் எட்டாத இடத்துக்குப் புனைகதையும் தன்வரலாறும் போயிருக்கின்றன. பாமாவின் 'கருக்கு' (1992) காட்டும் பாட்டி, நாயக்கர் வீட்டில் வேலை செய்துவிட்டு மிச்சச் சோற்றை வாங்கிக்கொண்டு வருகிறாள்; பாத்திரத்தைத் தொடாமல் உயரத்திலிருந்து போடுகிறார்கள். இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' (1994) நாவலில் வண்ணாத்தி ஆரோக்கியம் வீடு வீடாகப் போய் இராச்சோறு எடுக்கிறாள். அவள் பிள்ளைகளுக்கு வீட்டுச் சாப்பாடு என்பது ஊரார் எல்லாருடைய குழம்பும் ஒரே பாத்திரத்தில் கலந்தது. அம்மாவின் வேலை சமைப்பதாக இல்லை, சுமந்து வருவதாக இருக்கிறது. பெருமாள்முருகனின் 'கூளமாதாரி'யில் பண்ணையத்தில் ஆடு மேய்க்கும் சிறுவனுக்குத் தாயின் அடுப்பே தூரத்து விஷயம். முதலாளி வீட்டுச் சோறுதான் அவன் வளரும் சோறு. 'அம்மா கைமணம்' என்று பொதுவாகச் சொல்லும்போது, கை இருந்தும் மணக்க வைக்க அரிசி இல்லாத வீடுகளை நாம் கணக்கில் எடுப்பதில்லை.

ஜெயமோகனின் 'சோற்றுக்கணக்கு' இதைத் தலைகீழாகப் பிடித்த கதை. திருவனந்தபுரத்தில் சோற்றுக்கடை நடத்தும் கெத்தேல் சாகிப் காசு கேட்பதில்லை. உண்டியலில் போட்டால் போடலாம். உறவுக்கார மாமி அளந்து போட்ட சோற்றில் குன்றிப்போன இளைஞன், கேட்காமலே மீனை அள்ளி வைக்கும் அந்த முரட்டுக் கையில் தாயைக் காண்கிறான். வறுமையில் பெற்றவள் கரண்டியும் கணக்குப் பார்த்தே ஆக வேண்டும் என்பதைச் சொல்லத் துணிந்ததால்தான் அது பெரிய கதை. கு. அழகிரிசாமியின் 'ராஜா வந்திருக்கிறா'ரில் தாயம்மாளும் கணக்குப் பார்ப்பவள்தான். தன் பிள்ளைகளுக்கே போதாத தீபாவளியில் வந்து நிற்கும் அநாதைப் பையனைக் குளிப்பாட்டிச் சோறு போட்டுத் துண்டையும் கட்டிவிடுகிறாள். புதுமைப்பித்தனின் 'செல்லம்மா'ளில் பிரமநாயகம் பிள்ளை நோயாளி மனைவிக்காக அடுப்புக்கும் படுக்கைக்கும் நடக்கிறார். அந்த நடையில் உள்ள தடுமாற்றத்தைப் புதுமைப்பித்தன் அளவுக்குக் கிண்டலும் கனிவுமாக எழுதியவர் இல்லை. நாஞ்சில் நாடனின் 'விரதம்' இன்னும் குறும்பானது. அமாவாசை விரதமன்று மகள்கள் வீட்டுக்குப் போகும் தகப்பனை, மற்றவள் வீட்டில் சாப்பிட்டிருப்பார் என்று இருவரும் எண்ணிவிட, மனிதர் பட்டினியோடு திரும்புகிறார். பெற்றவர்களுக்குச் சோறு போடுவதில் நாம் எவ்வளவு தேர்ந்தவர்கள் என்பதற்கு ஏக்கக் கட்டுரைகளைவிட இந்தக் கதை நல்ல சாட்சி.

ஈழத்தில் உணவு நினைவு வேறு கனம் பெற்றுவிட்டது. 2009இல் வன்னிப் போரின் கடைசி மாதங்களில் அரிசியும் தண்ணீரும் உப்பும் சேர்த்துக் காய்ச்சிய கஞ்சிக்கு மக்கள் வரிசையில் நின்றார்கள். இன்று மே மாதந்தோறும் அதே கஞ்சியைக் காய்ச்சி, சிரட்டையில் ஊற்றி, முள்ளிவாய்க்கால் கஞ்சி என்று வழங்குகிறார்கள். ருசிக்காக யாரும் குடிப்பதில்லை. 2024 மேயில் திருகோணமலை மாவட்டத்துச் சம்பூரில் இந்தக் கஞ்சியை வழங்கியதற்காகப் பெண்கள் கைதானார்கள். ஒடியல் கூழையும் குழல் புட்டையும் பற்றிப் புலம்பெயர்ந்தவர்கள் எழுதும் இனிய பத்திகளோடு இதையும் சேர்த்துப் படித்தால்தான் அந்த இனிமையின் அடியில் என்ன கிடக்கிறது என்று தெரியும்.

இங்கே தமிழ்நாட்டில் அரசியலும் அம்மாவின் கரண்டியைக் கையில் எடுத்தது. எம்.ஜி.ஆர். 1982இல் சத்துணவுத் திட்டத்தை விரிவாகத் தொடங்கியபோது தம் சிறுவயதுப் பசியைத்தான் காரணமாகச் சொன்னார். 2013இல் சென்னையில் திறந்த அம்மா உணவகத்தில் இட்லி 1 ரூபாய், தயிர்சாதம் 3 ரூபாய். பலகையில் இருந்த அம்மா அன்றைய முதலமைச்சர் என்பது எல்லாருக்கும் தெரியும். உள்ளே புகையில் நின்றவர்கள் மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள்.

கரண்டி பிடித்தவரின் பக்கத்திலிருந்து எழுதியவர்களில் அம்பைக்கு இணையாக இன்னொருவரை என்னால் சொல்ல முடியவில்லை. 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை'யில் ராஜஸ்தானத்துப் பெரிய வீடு ஒன்றின் இருண்ட சமையலறை வருகிறது. ஜன்னலையும் கழுவுதொட்டியையும் கொஞ்சம் சரிசெய்யலாம் என்று தென்னாட்டு மருமகள் சொல்லும் யோசனை அந்த வீட்டையே உலுக்குகிறது. சமையலறைச் சாவிதான் தன் அதிகாரம் என்று வாழ்நாள் முழுவதும் நம்பிய மாமியாரிடம், அது அதிகாரமே அல்ல என்று அவள் சொல்லும் கட்டம் தமிழ் உணவு எழுத்தின் உச்சங்களில் ஒன்று. 'வெளிப்பா'ட்டில் ஒரு பெண் தன் வாழ்வில் வார்த்த தோசைகள் எத்தனை என்ற கூட்டல் நடக்கிறது. அம்மாவின் தோசையைப் பற்றி நூறு கட்டுரை எழுதினோம். எத்தனை தோசை என்று எண்ணிப் பார்க்க ஒரு பெண் எழுத்தாளர் வர வேண்டியிருந்தது.

இப்போது எழுத்தைக் காணொளி முந்திக்கொண்டது. 2021இல் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தொட்ட முதல் தமிழ் யூடியூப் சேனல், புதுக்கோட்டைப் பக்கத்து வில்லேஜ் குக்கிங் சேனல். வயல்வெளியில் அண்டா வைத்துச் சமைப்பவர்கள் ஒரு தாத்தாவும் பேரன்களும். கல்யாணப் பந்திக்கு ஆண், வீட்டு அடுப்புக்குப் பெண் என்ற பழைய பங்கீடு திரையிலும் அப்படியே தொடர்கிறது. மறுபுறம், முகம் காட்டாமல் கையை மட்டும் காட்டிக்கொண்டு, 'உப்பு உங்க ருசிக்கு' என்று சொல்லிச் சமைக்கும் ஆயிரக்கணக்கான பெண்களின் காணொளிகள் இருக்கின்றன. உளுந்தஞ்சோறு, கூட்டாஞ்சோறு, கொள்ளு மசியல் என்று மீனாட்சி அம்மாளின் புத்தகத்துக்கு வெளியே நின்ற வட்டாரச் சமையல் முழுவதையும் அவர்கள் பதிவு செய்துகொண்டிருக்கிறார்கள். அடுப்பை அணைத்ததும் படம் முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு அவர் எப்போது சாப்பிட்டார், சட்டியில் எவ்வளவு மிச்சம் இருந்தது என்பது இன்னும் பதிவாகவில்லை.