காற்றில் மிதக்கும் இரும்புக் கை

அயோத்தியாப்பட்டணத்தில் எங்கள் தெரு சலூன்தான் எனக்கு நூலகம். முடிவெட்டக் காத்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அட்டை கிழிந்த முத்து காமிக்ஸ் ஒன்று கையில் சிக்கியது. உடம்பில் மின்சாரம் பாய்ந்ததும் அதன் நாயகன் மாயாவி மறைந்துபோவான். இரும்புக் கை மட்டும் காற்றில் மிதக்கும். என் முறை வந்தும் நான் எழுந்திருக்கவில்லை.

1972-இல் சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸின் முதல் இதழே ‘இரும்புக்கை மாயாவி’தான். மூலம், பிரிட்டனின் ‘வேலியன்ட்’ வார இதழில் 1962-இல் தொடங்கிய தொடர். வரைந்தவர் பார்சிலோனாக்காரரான ஹெசூஸ் பிளாஸ்கோ என்பது எனக்குத் தெரியவர முப்பது வருஷம் ஆனது. அதுவரை யாரோ சிவகாசி ஓவியர் என்றே நினைத்திருந்தேன்.

கண்ணுக்குத் தெரியாத ஆளை எப்படி வரைவது? பிளாஸ்கோ ஆளை விட்டுவிட்டு அவனைச் சுற்றியிருப்பதை வரைகிறார்: பிதுங்கும் விழிகள், சுவரில் சரியும் கறுப்பு நிழல், தானாகத் திரும்பும் கதவுப்பிடி. அந்தக் கைக்கோ முகமில்லை. ஆனாலும் விரல்களின் வளைவிலேயே கோபமும் தயக்கமும் தெரியும். எங்கள் கோதண்டராமர் கோயில் தூண் சிற்பங்களில் விரல்களை உற்றுப் பார்க்கும் பழக்கம் எனக்கு வந்தது அவரால்தான் (சொன்னால் வீட்டில் சிரிக்கிறார்கள்). கதை பல இடங்களில் அபத்தம். படத்தில் அபத்தமே கிடையாது.

பிளாஸ்கோ 1995-இல் காலமானார். அந்த சலூன் புத்தகத்தை நான் திருப்பித் தரவேயில்லை.