நான்கெழுத்து அயர்லாந்து

ஆங்கிலக் குறுக்கெழுத்துக் கட்டங்களுக்குள் ஒரு அயர்லாந்து இருக்கிறது. 1845ன் பஞ்சம் அங்கே எட்டிப் பார்க்கவில்லை. 1916ல் டப்ளினில் சுட்டுக்கொண்டது அதற்குக் கேட்கவில்லை. எரின், ஏரே, எர்ஸ் என்ற மூன்று சொற்கள்தான் அதன் மூலதனம். முதல் இரண்டும் நாட்டின் பெயர், மூன்றாவது பாஷையின் பெயர். ஆங்கிலத்தில் மூன்றுமே நான்கு எழுத்து. நான்கில் பாதியோ முக்காலோ உயிரெழுத்து. அமெரிக்கக் கட்டங்களில் ஒவ்வொரு எழுத்தும் இடமிருந்து வலமும் மேலிருந்து கீழும் செல்லுபடியாக வேண்டும். மூலையில் மாட்டிக்கொண்டு உயிரெழுத்துக்குத் தவிக்கிறவனுக்கு அயர்லாந்து கைகொடுக்கிறது. அவனுக்குத் தேவை அந்த நாடல்ல, அதன் உயிரெழுத்துக்கள்.

காலைக் காப்பியோடு முடிந்துபோகிற விளையாட்டில் இவ்வளவு பார்க்க வேண்டுமா என்று கேட்கலாம். பார்க்கத்தான் வேண்டும். ஒரு பாஷை இன்னொரு பாஷையிடம் எப்படி நடந்துகொள்கிறது என்பது அதன் காவியங்களில் தெரிவதைவிட அதன் விளையாட்டுகளில் பச்சையாகத் தெரிகிறது.

ஏரேயை எடுத்துக்கொள்வோம். 1937ன் அரசியல் சட்டம் நாட்டின் பெயரை ஐரிஷில் ஏரே என்றும் ஆங்கிலத்தில் அயர்லாந்து என்றும் வகுத்தது. ஆங்கிலம் எழுதும்போதும் ஏரே என்றே எழுதிக்கொண்டிருந்தது பிரிட்டிஷ்காரர்கள். டப்ளினுக்கு அது பிடிக்கவில்லை. ஐரிஷில் முதல் எழுத்தின் தலைமேல் ஒரு சாய்கோடு உண்டு. அது உயிரை நெடிலாக்குகிற குறி. குறுக்கெழுத்துக் கட்டத்தில் தலைக்குமேல் இடமில்லை. சாய்கோடு உதிர்ந்துவிடுகிறது. சாய்கோடு இல்லாத அந்தச் சொல்லும் ஐரிஷில் இருக்கிறது. அதற்குப் பொருள், சுமை. தினமும் எத்தனையோ பேர் ஒரு தேசத்தின் பெயர் என்று நினைத்துச் சுமை என்று நிரப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

எர்ஸ் இன்னும் மோசம். ஐரிஷ் என்ற சொல்லின் ஸ்காட்லாந்துத் திரிபு அது. சமவெளி ஸ்காட்டுகள் மலைவாசிகளின் கேலிக் மொழிக்கு வைத்த பெயர். ஐரிஷ் பேசுகிறவன் தன் பாஷையை கேல்கெ என்கிறான். ஆங்கிலத்தில் அதற்கு ஏழு எழுத்து. மூலைக்கு அடங்காது.

இனி சிலேடைக்கு வருவோம். பிரிட்டிஷ் பாணிக் குறுக்கெழுத்தின் உயிர் சிலேடையில்தான் இருக்கிறது. ஐரிஷ் கவுண்ட்டிகள் இதற்கென்றே வார்த்தவைபோல் அமைந்திருக்கின்றன. கார்க் என்றால் புட்டியின் தக்கை. லிமரிக் என்றால் ஐந்தடிக் கிண்டல் பாட்டு. டவுன் என்றால் கீழே; ‘மேலிருந்து கீழ்’ என்ற தலைப்பே ஆங்கிலத்தில் ஒரு கவுண்ட்டியின் பெயராகிவிடுகிறது. கட்டம் போடுகிறவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

ஆனால் காளமேகத்தின் சிலேடையில் இரண்டு பொருளும் உயிரோடிருக்கின்றன. பாம்பும் எள்ளும் ஒரே பாஷையில் அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள். இங்கே அப்படியில்லை. டவுன் என்ற பெயர் ஐரிஷில் டூன், கோட்டை. கார்க் என்பது கோர்க்கி, சதுப்பு நிலம். கோட்டையும் சதுப்பும் தேய்ந்து ஆங்கிலக் காதுக்கு வெறும் ஓசையான பிறகுதான், அந்த ஓசைமேல் தக்கையையும் கீழையும் ஏற்றிவைக்க முடிந்தது. ஒரு பொருள் செத்தால்தான் பிறக்கிற சிலேடை இது. ப்ரையன் ஃப்ரீலின் ‘ட்ரான்ஸ்லேஷன்ஸ்’ 1980ல் டெரியில் மேடையேறியது. 1833ல் நில அளவைக்காரர்கள் ஊர்ப் பெயர்களை ஆங்கிலப்படுத்துவதுதான் அதன் விஷயம். கார்க்கும் டவுனும் அதற்கு வெகு முன்பே கைமாறிப்போன பெயர்கள். இருந்தாலும் நடந்த காரியம் ஒன்றுதான். அளவைக்காரன் விட்ட இடத்திலிருந்து கட்டக்காரன் தொடங்குகிறான்.

ஆட்கள் விஷயமும் இதேதான். ‘ஐரிஷ்காரன்’ என்று குறிப்பு வந்தால் பாட் என்றோ மிக் என்றோ யோசிக்காமல் எழுதிவிடலாம். மிக் ஒரு வசவு. பாடியோ இங்கிலாந்துப் பேச்சில் கோபாவேசத்துக்கும் பெயர். கவிஞர்களில் அதிக வேலை வாங்கப்படுகிறவர் ஏ.ஈ. என்று கையெழுத்திட்ட ஜார்ஜ் ரஸ்ஸல். ஓவியர், கூட்டுறவு இயக்கத்துக்காக அலைந்தவர், 1904ல் ஜாய்ஸின் முதல் கதையை ஒரு விவசாயப் பத்திரிகைக்காகக் கேட்டு வாங்கியவர். கட்டத்துக்கு அவர் இரண்டு உயிரெழுத்து.

எதிர்த்திசையில் ஒருவர் போனார். டப்ளினில் பிறந்த டெரெக் க்ரோசியர் 1943 முதல் ‘ஐரிஷ் டைம்ஸி’ல் கட்டம் போட்டார். 1940 முதல் மைல்ஸ் நா கோபலீன் இரண்டு பாஷைகளையும் உரசித் தீப்பொறி பறக்கவிட்டுக்கொண்டிருந்த அதே பத்திரிகை. க்ரோசியர் வைத்துக்கொண்ட பெயர் க்ரொஸரெ. அதில் அவர் குடும்பப் பெயர் ஒலிக்கிறது, குறுக்கெழுத்தின் குறுக்கு இருக்கிறது, ஐரிஷில் நாற்சந்தி என்ற பொருளும் இருக்கிறது. மூன்றும் உயிரோடு. நான் காளமேகத்தின் பக்கத்தில் வைக்கத் தயங்காத ஒரே குறுக்கெழுத்துச் சிலேடை இதுதான். அவருடைய குறிப்புகள் லண்டன் வகுத்த இலக்கணத்துக்கு அடங்கவில்லை. அவர் எப்படி யோசிப்பார் என்று பழகியவனுக்குத்தான் விடை வரும். விடை தெரிவதல்ல அங்கே விஷயம், ஒரு மனசின் நடை பிடிபடுவதுதான். கவிதைக்குக் கோனார் உரை தேடுகிற நம் நண்பர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

அவரை முழுக்கப் புகழ்ந்துவிடவும் முடியவில்லை. அவரும் கட்டம் போட்டது ஆங்கிலத்தில்தான். 1948ல் தென் ரொடீஷியாவுக்குப் போய்க் குடியேறினார். இன்னொருவர் மண்ணை இன்னொரு பெயரால் அழைத்துக்கொண்டிருந்த நாடு அது. அங்கிருந்துதான் அயர்லாந்தின் குறுக்கெழுத்து தபாலில் வந்துகொண்டிருந்தது. நாடு ஜிம்பாப்வே ஆன பிறகும் வந்தது. 2010ல் அவர் இறந்தார். முன்கூட்டி அனுப்பிவைத்திருந்த கட்டங்கள் 2011 வரை வெளியாயின. செத்தவரின் குறிப்போடு காலையில் மல்லுக்கட்டுவது எப்படியிருந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

பின்னால் வந்தவர் தன்னை க்ரொஸேர் என்று அழைத்துக்கொண்டார். ஓசை ஏறக்குறைய அதேதான். எழுத்தில் மட்டும் பின்பாதி மாறிவிட்டது. இப்போது அது வாரிசு என்ற ஆங்கிலச் சொல். நாற்சந்தி அதில் இல்லை.